"உயிர் தப்பியதே போதும்" என்கிறார்கள், நான் பல் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இடது கீழ்த்தாடையில் அமெலோபிளாஸ்டோமா கட்டி என்று சொல்லி, முன்பல்லுக்குப் பக்கத்தில் இருந்து காதுக்குக் கீழே வரை எலும்பை எடுத்துவிட்டு, காலில் இருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். புற்றுநோய் இல்லை, ரேடியேஷன் தேவைப்படவில்லை. முகம் ஓரளவு பழையபடி இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் கீழே ஒரு பல்கூட இல்லை. வலது பக்கத்தில் மட்டும்தான் மெல்கிறேன். கீழுதடு பாதி மரத்துப் போய்விட்டது, சாப்பிடும்போது வாயோரம் வழிவதே தெரிவதில்லை. அதனால் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கழற்றி மாட்டும் பல் செட் செய்து பார்த்தேன், ஒரு வாரம்கூடப் போட முடியவில்லை. இப்போது இம்ப்ளான்ட் வைக்கலாம், அதாவது எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ பதித்து அதன் மேல் பல் கட்டலாம் என்கிறார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் "உயிர் தப்பியதே போதும், மறுபடியும் கத்தி வேண்டாம்" என்கிறார்கள். கட்டி திரும்ப வந்தால் என்ன செய்வது? இம்ப்ளான்ட் வைத்தால் என் பழைய வாழ்க்கை திரும்புமா?

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய வாழ்க்கை அப்படியே திரும்பாது. ஆனால் இடது பக்கமும் வைத்து மெல்ல முடிகிற நாள் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு சிகிச்சைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கிறார்கள். தெரியாமல் வந்தவர்கள், இம்ப்ளான்ட் கல்லு மாதிரி உறுதியாக நின்ற பிறகும், "இதற்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன்" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாடை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பல் கட்டுவதுதான் என் வேலை, அதனால் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டு வாயடைத்து நின்றிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான்கு கஷ்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மெல்ல முடியவில்லை. உதடு மரத்திருக்கிறது. தனியாகச் சாப்பிடுகிறீர்கள். கட்டி திரும்பி வருமோ என்ற பயம் இருக்கிறது. இம்ப்ளான்ட் இதில் முதலாவதைத்தான் நேரடியாகத் தீர்க்கும். மற்ற மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம் வேண்டும், சிலவற்றை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், அதற்கு இம்ப்ளான்ட் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் முடிவு எடுப்பது எளிதாகிவிடும் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் சொல்வதைப் பற்றி. அவர்கள் உங்களைப் பார்த்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள்: மூக்கில் குழாய், கழுத்தில் தையல், காலில் கட்டு, பேச முடியாமல் எழுதிக் காட்டிய நாட்கள். அந்தக் காட்சி அவர்கள் கண்ணை விட்டுப் போகவில்லை, "கத்தி" என்றாலே அவர்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆகவே அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ஆனால் பல் கேட்பது பேராசை என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது. காலில் இருந்து எலும்பு எடுத்துத் தாடையைக் கட்டியது முகத்தின் வடிவத்துக்காக மட்டும் இல்லை, அதன் மேல் பல் நிற்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பல் இல்லாத புதுத் தாடை, அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பாமல் விட்ட வீடு மாதிரி. துரதிர்ஷ்டவசமாக நிறைய பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். களைப்பு, செலவு, இனி எந்த மருத்துவமனைப் படியும் ஏற வேண்டாம் என்ற சலிப்பு, அப்புறம் "இதுவே போதும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது, எல்லாம் சேர்ந்து நிறுத்திவிடுகிறது.

இரண்டு அறுவைச் சிகிச்சைகளையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு நடந்தது பல மணி நேர வேலை. ஃபிபுலா என்ற எலும்பை, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இருக்கும் மெல்லிய எலும்பை, அதன் ரத்தக் குழாய்களோடு சேர்த்து எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி, பிளேட் போட்டு இறுக்கி, அந்தக் குழாய்களைக் கழுத்தில் இருக்கும் குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்திருப்பார்கள். இம்ப்ளான்ட் வைக்கும்போது காலைத் தொடப் போவதில்லை, கழுத்தைத் திறக்கப் போவதில்லை. வாய்க்குள் மட்டும் கீறல். பல பேருக்கு மரத்துப் போகும் ஊசி போட்டே செய்துவிடலாம், பழைய பிளேட்டின் ஸ்க்ரூக்கள் வழியில் நின்று அவற்றையும் எடுக்க வேண்டும் என்றால் முழு மயக்கம் கொடுப்பார்கள். வீக்கமும் வலியும் சில நாட்கள் இருக்கும். அவ்வளவுதான்.

கால் எலும்பில் பல் நிற்குமா என்று பலர் சந்தேகமாகக் கேட்பார்கள். நிற்கும், ஏனென்றால் அது உயிரோடு இருக்கும் எலும்பு. ஃபிபுலாவை ரத்தக் குழாயோடு எடுத்து வேறொரு இடத்தில் வைக்கும் முறையை 1975-ல் டெய்லர் என்ற அறுவை மருத்துவர் தன் குழுவோடு வெளியிட்டார், அதுவும் காலில் இருந்து இன்னொரு காலுக்கு. கீழ்த்தாடைக்கு அதைக் கொண்டுவந்தவர் ஹிடால்கோ, 1989-ல். அப்போதிருந்து தாடை கட்டும் மருத்துவர்கள் முதலில் தேடும் எலும்புகளில் ஒன்றாக அது இருக்கிறது. காரணம் எளிது: நீளமாகக் கிடைக்கும், சுற்றுச்சுவர் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டியான சுவரில் இம்ப்ளான்ட் ஸ்க்ரூ நன்றாகக் கவ்விக்கொள்ளும். ரேடியேஷன் வாங்காத ஃபிபுலாவில் வைத்த இம்ப்ளான்ட்களில் 90 சதவீதத்துக்கு மேல் சில வருடங்கள் கழித்தும் நிற்கின்றன என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. கெட்டியான எலும்பு என்பதால் துளையிடும்போது சூடாகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். 47 டிகிரி செல்சியஸுக்கு ஒரு நிமிடம் போனாலே எலும்பு செல்கள் சாகத் தொடங்கிவிடும், அதனால் உப்பு நீரைப் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத்தான் துளையிடுவார்கள். சிகிச்சை நடக்கும்போது வாய்க்குள் தண்ணீர் நிறைவது போல இருந்தால் பயப்படாதீர்கள், அது இதற்குத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். டைட்டானியமும் எலும்பும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனேமார்க் 1950-களில் முயல்களின் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவனித்தார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் வாயில் அதைப் பல்லுக்காக வைத்தார். அந்த மனிதர் பிறவியிலேயே தாடைக் குறைபாட்டோடு, கீழ்ப் பற்கள் இல்லாமல் இருந்தவர். 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்கள் வேலை செய்தன. இப்போது விளம்பரங்களில் பளிச்சென்ற சிரிப்புக்காக என்று காட்டப்படும் இந்தச் சிகிச்சை, தொடங்கியதே உங்களைப் போலத் தாடைப் பிரச்சினை உள்ள ஒருவரிடம்தான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் சிக்கல் எங்கே? இரண்டு இடத்தில்.

ஒன்று உயரம். பல் உள்ள தாடை எலும்பு மேலிருந்து கீழாக 3 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். ஃபிபுலா அதில் பாதிதான், ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீட்டர். முகத்தின் கீழ் ஓரம் சரியாக அமைய வேண்டும் என்று எலும்பைத் தாழ்வாக வைத்திருந்தால், மேல் பல்லைத் தொட உங்கள் புதுப் பல் நீளமாக எழும்ப வேண்டும். நீளமான பல் நெம்புகோல் மாதிரி இம்ப்ளான்டை ஆட்டும். இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. எலும்பை இரண்டு அடுக்காக மடித்து வைத்திருந்தால் பிரச்சினை பாதி குறைந்துவிடும், இல்லாவிட்டால் இம்ப்ளான்ட்களைத் தனித்தனியாக விடாமல் ஒரே பாலமாக இணைத்துக் கட்டுவோம், பல்லுக்குக் கீழே ஈறு நிறத்தில் ஒரு பகுதி சேர்த்து இடைவெளியை நிரப்புவோம். உங்களுக்கு எலும்பு ஒற்றை அடுக்கா இரட்டை அடுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்து வரும் எல்லாத் திட்டமும் அதைப் பொறுத்தது.

இன்னொன்று சதை. இதைப் பற்றித்தான் நோயாளிகளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் என் அனுபவத்தில் இம்ப்ளான்ட் தோற்பதைவிட, இம்ப்ளான்டைச் சுற்றியிருக்கும் சதை தொல்லை கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. இயற்கைப் பல்லைச் சுற்றி எலும்போடு ஒட்டிய, அசையாத, கெட்டியான ஈறு ஒரு பட்டையாக இருக்கும். உங்களுக்கு அந்தப் பட்டை போய்விட்டது. அங்கே இருப்பது கன்னத்தின் உள் சதையோ, காலில் இருந்து எலும்போடு சேர்த்து எடுத்த தோலோ ஆக இருக்கும். அது தடிமனாக, கன்னம் அசையும்போதெல்லாம் கூடவே அசையும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒருவருக்குப் பல் கட்டிவிட்டேன். அவருடைய கால் தோல் வாய்க்குள் விரல் தடிமனுக்கு இருந்தது. அதை மெல்லிசாக்க இன்னொரு சின்ன அறுவை வேண்டும், அவருக்கு அலுத்துப் போயிருந்தது, எனக்கும் இரக்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் வந்து வாயைத் திறந்தபோது ஒவ்வொரு இம்ப்ளான்ட் கம்பத்தைச் சுற்றியும் செக்கச்செவேலென்று சதை காளான் மாதிரி வளர்ந்து நின்றது. பிரஷ் பட்டாலே ரத்தம். எல்லாவற்றையும் கழற்றி, சதையை மெலிதாக்கி, மேல் அண்ணத்தில் இருந்து ஈறு எடுத்து ஒட்டி, ஆறியபின் மறுபடி பல் மாட்ட அவருக்கு இன்னொரு அரை வருடம் போனது. முதலிலேயே செய்திருந்தால் அந்த அரை வருடம் அவருக்கு மிச்சமாகியிருக்கும். அதிலிருந்து சதையைச் சரிசெய்யாமல் நான் பல் மாட்டுவதில்லை. உங்கள் மருத்துவர் "நடுவில் ஈறு ஒட்ட ஒரு சின்ன அறுவை இருக்கிறது" என்று சொன்னால், அவர் வேலையை இழுக்கிறார் என்று நினைக்காதீர்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

உங்கள் பல் செட் ஒரு வாரம்கூட நிற்காததற்கும் இதே காரணம்தான். செட்டைத் தாங்க ஈறு மேடும், அதன் இருபுறமும் ஒரு பள்ளமும் வேண்டும். புதுத் தாடையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, மெத்தை மாதிரி அமுங்கும் சதை மட்டும்தான். அதன் மேல் எவ்வளவு கெட்டிக்காரர் செய்த செட்டும் ஆடத்தான் ஆடும். நீங்கள் பழகிக்கொள்ளாதது காரணம் இல்லை. இதைச் சொல்லக் காரணம், செட் தோற்றுப் போனவர்கள் "எனக்கு எந்தப் பல்லும் ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இம்ப்ளான்ட் பல் சதையின் மேல் உட்காருவதில்லை, எலும்பில் நிற்கிறது. இரண்டும் வேறு.

இப்போது உதடு. இதில் நான் உங்களுக்கு ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அந்த எலும்பை எடுத்தபோது நரம்பும் போயிருக்கும், ஒரு சில இடங்களில் அதே நேரத்தில் நரம்பு ஒட்டு வைக்கிறார்கள், உங்களுக்குச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்தும் மரத்திருக்கும் உதடு இம்ப்ளான்டால் உணர்ச்சி பெறாது. அது மட்டும் இல்லை, பல் வந்த பிறகு ஒரு புது ஆபத்தும் உண்டு: மரத்த உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துக்கொள்வது. இதுவரை அங்கே பல்லே இல்லாததால் கடிபடவில்லை, இனி கடிபடலாம். கன்னம் தள்ளி இருக்கும்படி பல்லின் வெளி விளிம்பை அமைப்போம், முதல் சில வாரங்கள் சாப்பிட்ட பின் கண்ணாடியில் உதட்டின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்வோம்.

புதுப் பல்லை மாட்டும் அன்று என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பற்களுக்கு நடுவில் நீல நிறத் தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வோம், எங்கே அதிகம் படுகிறதோ அங்கே நீலப் புள்ளி விழும், அதைத் தேய்த்துக் குறைப்போம். சாதாரணமாக ஒருவருக்குப் பல் கட்டினால், "உயரமாக இருக்கிறதா?" என்று கேட்டதும் பளிச்சென்று பதில் வரும், தலைமுடி கனத்துக்கு உயரமாக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார் உறை இருக்கிறது, அதில்தான் அந்த நுண்ணிய உணர்வு இருக்கிறது. இம்ப்ளான்டுக்கு அந்த உறை கிடையாது. உங்களைப் போன்றவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்து, வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் கடித்துக் கடித்துப் பார்த்து, "தெரியவில்லை டாக்டர்" என்பார்கள். அந்தத் "தெரியவில்லை"யைச் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கிவிடும், பல் வந்தும் அது தன்னுடையதாக இல்லை என்ற எண்ணம். அதனால் அங்கே நோயாளியின் பதிலை நம்பாமல், 8 மைக்ரான் கனமே உள்ள உலோகத் தாளை நடுவில் வைத்து இழுத்துப் பார்த்து நாங்களே சரிசெய்கிறோம். நாளாக நாளாக ஒரு மந்தமான உணர்வு வரும், எலும்பு வழியாகவும் தசை வழியாகவும் மூளை அதைக் கற்றுக்கொள்ளும். பழைய பல்லின் உணர்வு மாதிரி இருக்காது, ஆனால் மெல்வதற்குப் போதும்.

என்னிடம் வந்த ஒருவர், தற்காலிகப் பல் மாட்டிய மறு வாரம், ஒரு ஆப்பிள் துண்டைக் கையோடு கொண்டுவந்து என் முன்னாலேயே இடது பக்கம் வைத்துக் கடித்தார். மென்று முடித்துவிட்டுச் சொன்னது: "டாக்டர், இந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது." நொறுங்கும் சத்தம். மூன்று வருடமாக அவருக்கு அந்தக் காதுப் பக்கம் அது கேட்டதே இல்லை. ருசியைப் பற்றியோ பல்லின் அழகைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் கேட்பதை அளந்து பார்ப்பதற்கும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. தலை, கழுத்துக் கட்டிகளுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்காக வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒன்றில் வலி, தோற்றம், விழுங்குதல், மெல்லுதல், பேச்சு, உமிழ்நீர், மனநிலை, பதற்றம் என்று 12 தலைப்புகள். வாய் ஆரோக்கியத்துக்கென்று 14 கேள்விகள் கொண்ட இன்னொன்று 1997-ல் இருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தாடை கட்டிய பிறகு இம்ப்ளான்ட் பல் வைத்தவர்களிடம் இவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மெல்லுவதும் வாய் சம்பந்தப்பட்ட திருப்தியும் மேலே போவது தெரிகிறது. ஆனால் மொத்த வாழ்க்கைத் தரம் என்ற பெரிய எண் எல்லா ஆய்விலும் அதே அளவுக்கு உயர்வதில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மரத்த உதடும், கழுத்துத் தழும்பும், ஸ்கேன் நாளுக்கு முந்தைய ராத்திரித் தூக்கமின்மையும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன, பல் அவற்றைத் தொடுவதில்லை. இன்னொரு விஷயம், இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, இம்ப்ளான்ட் வரைக்கும் போனவர்கள் ஏற்கெனவே உடல்நிலை தேறியவர்கள், அதனால் எண்களை ரொம்ப இழுத்துப் பொருள் கொள்ளக் கூடாது. அதேபோல "இத்தனை சதவீதம் இம்ப்ளான்ட் நிற்கிறது" என்ற கணக்கு, "இத்தனை சதவீதம் பேர் அதை வைத்து மெல்கிறார்கள்" என்ற கணக்கு ஆகாது. எலும்பில் உறுதியாக நின்றும், மேலே பல் மாட்டாமல் சதைக்குள் புதைந்தே கிடக்கும் இம்ப்ளான்ட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் மருத்துவரிடம், உங்களைப் போன்றவர்களில் எத்தனை பேர் பல் மாட்டி முடித்து இன்று அதில் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கட்டி திரும்புமா என்ற பயத்துக்கு வருகிறேன். அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பின் பஞ்சு போன்ற உள்பகுதிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் விரல் நீட்டும் குணம் அதற்கு உண்டு. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவது அதிகம். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள், உங்களுக்கு அவ்வளவு பெரிய பகுதி போனதற்குக் காரணம் அதுதான். அப்படி எடுத்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. ஆனால் பத்து வருடம் கழித்தும் வந்திருக்கிறது என்பதால் பரிசோதனையை நிறுத்தவே கூடாது, இம்ப்ளான்ட் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. இம்ப்ளான்ட் வைப்பதால் கட்டி திரும்புவதில்லை. டைட்டானியம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்பதும் தவறு, எடுக்கலாம், அந்த இடத்தில் படம் கொஞ்சம் மங்கும். உங்களுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டியது இரண்டு: எடுத்த கட்டியின் ஓரங்களில் மிச்சம் இல்லை என்று சொல்லும் பயாப்ஸி அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இம்ப்ளான்ட் திட்டத்துக்கு எடுக்கும் கோன் பீம் சி.டி.யை, அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேனை, பல் கட்டுபவர் மட்டும் பார்க்காமல் கட்டியை எடுத்த மருத்துவரும் பார்க்கட்டும். பல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு மாட்டச் சொல்லுங்கள். எப்போதாவது கீழே பார்க்க வேண்டி வந்தாலும், சதையைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தாலும், உடைக்காமல் கழற்றி மறுபடி மாட்டலாம்.

சில மருத்துவமனைகளில் தாடை கட்டும் அன்றே இம்ப்ளான்டும் பல்லும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள், உங்களுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்று மனம் வருந்த வேண்டாம். அதற்குக் கணினியில் முன்திட்டமும் அனுபவமான குழுவும் தேவை. பொறுத்திருந்து வைப்பதிலும் லாபம் இருக்கிறது: எலும்பு ஒட்டிவிட்டதா, கட்டி அமைதியாக இருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது என்று தெரிந்த பிறகு வைக்கிறோம்.

வாய் திறப்பை நீங்களே இன்று பார்த்துவிடலாம். உங்களுடைய மூன்று விரல்களை அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் நல்லது. 35 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் வாய் இறுகியிருக்கிறது என்று கணக்கு, கடைவாய்ப் பக்கம் துளையிடும் கருவியே உள்ளே போகாது. அப்படியானால் இப்போதே பயிற்சி தொடங்க வேண்டும், மருத்துவர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக் குச்சிகளை அடுக்கி வைத்து, வாரத்துக்கு ஒன்று கூட்டிப் பழக்குவோம். காலைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன்: கால் கட்டைவிரல் மடங்காமலோ விறைத்தோ இருக்கிறதா? ஃபிபுலா எடுத்தவர்களுக்கு அது வரும், பிசியோதெரபி உதவும், வாயைப் பற்றிய கவலையில் காலை மறந்துவிடாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு நாள் என்றால், ஒரு வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஸ்கேனும் திட்டமும் சில வாரங்கள், இம்ப்ளான்ட் வைத்து எலும்பு இறுக 3 முதல் 6 மாதம், திறந்து ஈறு ஒட்டி அது ஆற ஒன்றிரண்டு மாதம், அப்புறம் தற்காலிகப் பல் போட்டுச் சில மாதம் பழகி, எங்கே இடிக்கிறது எங்கே உணவு தங்குகிறது என்று பார்த்துத்தான் நிரந்தரப் பல். தற்காலிகப் பல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கேட்காதீர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் அதில்தான் எல்லாம் புரியும். அதற்கு அப்புறம் தினமும் சுத்தம் செய்வது உங்கள் கையில். பாலத்துக்கு அடியில் நுழையும் குட்டிப் பிரஷ், ஒற்றைக் குஞ்சம் உள்ள பிரஷ், இரண்டையும் பயன்படுத்த ஐந்து நிமிடம் ஆகும், மரத்த பக்கம் என்பதால் கண்ணாடி பார்த்துத்தான் செய்ய முடியும். புகைப் பழக்கம் இருந்தால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால், எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் ரேடியேஷன் வாங்கியவர்கள் இருந்தால், மேலே சொன்ன எண்களை உங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியேஷன் பட்ட எலும்பில் இம்ப்ளான்ட் தோற்பது அதிகம், எலும்பே அழுகிப் போகும் ஆபத்தும் உண்டு, எத்தனை கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) எந்த இடத்தில் பட்டது என்ற வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் துளையிடக் கூடாது.

வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு முடிவுதான். வலது பக்கம் உறுதியாக இருந்து, நீங்கள் சாப்பிட நினைப்பதை எல்லாம் மெல்ல முடிந்து, இன்னொரு வருடம் மருத்துவமனைக்கு அலைய மனமில்லை என்றால், நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது அந்த மனநிலை இல்லை என்று எனக்குப் படுகிறது. பல் செட் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு 36 வயது, வலது பக்கப் பற்கள் இன்னும் எத்தனையோ வருடம் இரண்டு பக்க வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ரேடியேஷன் இல்லை, எலும்பு வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. என் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால், ஸ்கேன் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

தனியாகச் சாப்பிடுவதை மட்டும் அந்த ஒரு வருடம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். வழிவது உதடு மரத்ததால், பல் வந்த பிறகும் அது கொஞ்சம் இருக்கும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாய்க்கு ஒரு தடவை துடைப்பது பழக்கமாகிவிட்டால் கண்ணாடி தேவைப்படாது. சின்ன வாயாக எடுத்து, வலது ஓரமாக வைத்து, விழுங்கிய பின் நாக்கால் இடது உதட்டின் உள்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், நாக்குக்கு உணர்ச்சி இருந்தால் அங்கே தங்கியிருப்பது அதற்குத் தெரிந்துவிடும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் கிடைத்தால் உதட்டை மூடிப் பிடிக்கும் பயிற்சியும் சொல்லித் தருவார். வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒரே ஒருவரிடம், வழிந்தால் கன்னத்தைத் தொட்டுக் காட்டு என்று சொல்லிவைத்து, அவரோடு மட்டும் ஒரு வேளை உட்காருங்கள். அது போதும் ஆரம்பத்துக்கு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பயாப்ஸி அறிக்கை, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, பழைய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட முடியாத பல் செட்டையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அதை வாயில் வைத்து எங்கே குத்தியது, எந்தப் பக்கம் எழும்பியது என்று காட்டினால், சதை எங்கே தடிமன், மேல் பல்லுக்கும் கீழே உள்ள எலும்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பவருக்கு ஸ்கேன் வருவதற்கு முன்னாலேயே பாதி புரிந்துவிடும்.